புட்டிங்கைப் பழிப்பவர்களுக்கு

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தக் காலத்துப் புதுவையில் வினைச்சொல் வாய்பாட்டோடு சேர்த்து இன்னொன்றையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள்: ஆங்கிலேயனுக்குச் சமைக்கத் தெரியாது. 2005ல் பிரெஞ்சு அதிபர் ழாக் சிராக் ஆங்கிலச் சாப்பாட்டைக் கிண்டலடித்ததாகப் பாரிஸ் பத்திரிகை ஒன்று எழுதியபோது, என் பள்ளித் தோழர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பாரிஸில் குடியேறிவிட்ட ஒருவர் இன்னும் சொல்கிறார்: "ஆவியில் வெந்த மாவுக்கட்டியை இனிப்பு என்கிறான் பாருங்கள்." காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறார்!

அந்த மாவுக்கட்டி என்ன என்று பார்ப்போம். வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மாவு நான்கும் ஏறக்குறைய சம எடை. பீங்கான் கிண்ணத்தில் வெண்ணெய் தடவி, அடியில் கோல்டன் சிரப்போ ஜாமோ விட்டு, மேலே மாவுக்கலவை. வாயைக் காகிதத்தால் மூடி நூலால் கட்ட வேண்டும். காகிதத்தின் நடுவே ஒரு மடிப்பு வைப்பார்கள். மாவு உப்பி எழும்போது அது விரிந்து இடம் கொடுக்கும். பிறகு ஒன்றரை மணி நேரம் ஆவி. நடுநடுவே தண்ணீர் வற்றாமல் பார்க்க வேண்டும். தட்டில் கவிழ்த்தால் சிரப் நாலு பக்கமும் வழிய, ஈரப்பதத்தோடு ஒரு ஸ்பாஞ்ச். இதில் கேலிக்கு என்ன இருக்கிறது?

பிரெஞ்சுக்காரர் பெருமைப்படும் ழெனுவாஸ் கேக் இயல்பிலேயே வறண்டது. அதனால்தான் அதைச் சர்க்கரைப் பாகில் நனைக்கிறார்கள். இதை எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆங்கிலேயரின் ஈவ்ஸ் புட்டிங்கில், அடியில் ஆப்பிள், மேலே ஸ்பாஞ்ச் வைத்து அவனில் சுடுவார்கள். பழச்சாறே அடிப்பக்கத்தை நனைத்துவிடும், தனிப் பாகு வேண்டாம்.

எனக்குக் கோபம் வருவது ருசியைப் பற்றிய பேச்சால் அல்ல. ஆவியில் வேகவைத்தது ஏன் என்று யாரும் கேட்பதில்லை என்பதால்தான். ஏழை வீட்டில் அவன் ஏது? டிக்கன்ஸ் 1843ல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில், கிராச்சிட் குடும்பத்தின் வாத்து ரொட்டிக்கடை அடுப்பில் வேகிறது. புட்டிங்கோ துணி துவைக்க வெந்நீர் போடும் அண்டாவில், துணியில் கட்டி வேகிறது. ஒரு நெருப்பு, ஒரு பாத்திரம், கொஞ்சம் மாவு, கொஞ்சம் மாட்டுக் கொழுப்பு. சூயட் எனப்படும் அந்தக் கொழுப்பு மெதுவாக உருகும். அது உருகிய இடங்களில் சிறு துளைகள் விழுந்து பண்டம் லேசாகும். கையில் இருந்ததை வைத்துக் கணக்காகச் செய்த வேலை இது. சமைக்கத் தெரியாதவன் செய்கிற காரியமா?

என் தோழர்களுக்குப் பிரெஞ்சு சாட்சிதான் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. 1698ல் இங்கிலாந்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய மிஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் புட்டிங்கை வாயாரப் புகழ்ந்திருக்கிறார். உலர்திராட்சை போட்ட ஸ்பாட்டட் டிக் புட்டிங்கை 1849லேயே தன் சமையல் புத்தகத்தில் சேர்த்தவர் அலெக்சிஸ் சுவாயே. லண்டனில் பேர் வாங்கிய பிரெஞ்சு சமையல்காரர்.

கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் வேறு. 1940 முதல் 1954 வரை அந்த நாட்டில் ரேஷன். வெண்ணெய், சர்க்கரை, முட்டை எல்லாம் அளந்துதான் கிடைத்தன. முட்டைக்குப் பதில் முட்டைப் பொடி. அந்தக் கைக்கட்டில் பள்ளிக்கூடச் சாப்பாட்டில் போட்ட கனத்த துண்டுகளைத் தின்றவர்கள் சொன்ன கதைகளைத்தான் உலகம் பிடித்துக்கொண்டது. பஞ்ச காலத்துக் கஞ்சியை வைத்து ஒரு ஊரின் சமையலை மதிப்பிடலாமா?

இப்போது ஆங்கிலேயர்களே பிளாஸ்டிக் கிண்ணத்தில் விற்பதை வாங்கி மைக்ரோவேவில் சில நிமிடம் சுற்றிவிட்டு வேலையை முடிக்கிறார்கள். அவர்கள்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. 1985ல் க்ளாஸ்டர்ஷயரின் மிக்கிள்டன் கிராமத்து ஓட்டல் ஒன்றில், பழைய புட்டிங்குகள் மறைந்துவிடக் கூடாதென்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். வந்தவர்கள் வரிசையாகச் சாப்பிட்டுப் பார்த்து, எது சிறந்தது என்று ஓட்டுப் போடுகிறார்கள். பாரிஸ் நண்பருக்கு அந்த ஓட்டலின் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.