கணினிக்கு முன்னால் கடப்பாரை

"ஊதுலைக்குள் நடப்பதையெல்லாம் இனி திரையிலேயே பார்த்துவிடலாம்" என்று இரும்பு ஆலைகளுக்கு மென்பொருள் விற்பவர்கள் சொல்லிவருகிறார்கள். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உலையின் படம் அல்ல, ஒரு கணக்கின் படம். இந்த வித்தியாசத்தை மறைத்து விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஊதுலையைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலிருந்து இரும்புத் தாதுவும் கோக் கரியும் மாறி மாறி அடுக்காகக் கொட்டப்படும். கீழே சுற்றிலும் உள்ள டுயர் குழாய்கள் வழியாக 1000 டிகிரிக்கு மேல் சூடான காற்று பாயும். கொட்டிய சரக்கு கீழே வந்து சேர ஆறேழு மணி நேரம் ஆகும். வாயுவோ சில விநாடிகளில் மேலே போய்விடும். டுயர் முன்னால் 2000 டிகிரியைத் தாண்டும் அதன் சூடு, உச்சிக்கு வரும்போது 150 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். இடையில் உள்ள இடத்துக்குக் கண்ணும் போகாது, கருவியும் நெடுநேரம் தாங்காது. ஆகவே கணக்குப் போட்டுத்தான் அறிய வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

அந்தக் கணக்குக்கு அடித்தளம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. 1960களின் கடைசியிலும் 1970களிலும் ஜப்பானியர்கள் ஓடிக்கொண்டிருந்த சில உலைகளை அப்படியே நிறுத்தி, தண்ணீர் விட்டுக் குளிரவைத்து, மேலிருந்து அடுக்கடுக்காகத் தோண்டிப் பார்த்தார்கள். ஹிரோஹாதா ஆலையின் 1ஆம் எண் உலை அவற்றில் ஒன்று. தாதுவும் கோக்கும் உருகும் இடம் வரை அடுக்குக் குலையாமல் இறங்குவதை அங்கே கண்டார்கள். தாது அடுக்குகள் இளகி, ஒட்டி, பாளம் பாளமாகி வாயுவை அடைத்துக்கொள்ள, இடையில் உள்ள கோக் அடுக்குகள்தான் சன்னல் போல அதற்கு வழிவிடுகின்றன. அதுவரை ஊகமாக இருந்தது அன்று கண்கூடானது. பின்னால் வந்த கணித மாதிரிகள் பலவும் இந்தக் கடப்பாரை வேலைக்குக் கடன்பட்டவை.

அந்த உலைகளில் நிலக்கரித் தூள் ஊதப்படவில்லை. இன்று டன் கணக்கில் ஊதுகிறோம். அடுத்தது ஹைட்ரஜன். 2023 ஏப்ரலில் ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலையின் 'ஈ' உலையில் அதற்கான சோதனை நடந்தது. கரிவாயுவைப் போலன்றி, ஹைட்ரஜன் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். உள்ளே சூடு பரவும் விதமே மாறும். இளகும் பகுதி எங்கே போய் நிற்கும்? பழைய உலைகளைப் பார்த்து அமைத்த கணக்கை மட்டும் நம்பி இதற்கு உறுதியாகப் பதில் சொல்லலாமா?

"எங்கள் கணக்கு அளவுகளோடு பொருந்துகிறதே" என்பார்கள். உச்சி வாயுவின் சூடும் கீழே வரும் இரும்பின் சூடும் பொருந்திவிட்டால் நடுவில் உள்ளதும் சரி என்று ஆகிவிடாது. ஒரே விடைக்குப் பல வழிகளில் வரலாம் என்பது பள்ளிக்கூடக் கணக்கிலேயே தெரிந்த விஷயம்.

"உலையை அறுப்பது செலவு" என்பார்கள். ஓடுகிற உலையை யாரும் கேட்கவில்லை. ஆயுள் முடிந்து, செங்கல் மாற்றவோ உடைக்கவோ போகிற உலையைக் கேட்கிறேன். சுவீடனில் லூலியோ நகரில் 1997இல் இதற்கென்றே ஒரு சிறிய சோதனை உலை கட்டி, சோதனைக்குப் பிறகு குளிரவைத்து, தோண்டியும் பார்த்தார்கள். நம் நாட்டு ஆலைகளும் ஆய்வுக்கூடங்களும் செலவைப் பகிர்ந்துகொண்டால் முடியாத காரியமில்லை.

கணக்கு தவறி உலையின் அடி குளிர்ந்து இரும்பு உறைந்துவிட்டால், மென்பொருள் விற்றவர் வந்து நிற்கமாட்டார். ஆக்சிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டு அந்த வாயைத் திறக்கப்போகிறவன் ஷிஃப்டில் இருக்கும் தொழிலாளி. அடுத்த பழைய உலையைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன், அவனுக்காகவாவது ஒருமுறை உள்ளே தோண்டிப் பாருங்கள்.