வட்டியில்லா ஐம்பது நாள்



"உரிய தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் கிரெடிட் கார்டு கூடும்தானே, ஹஜ்ரத்?" மத்ரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முதலாண்டுக் கட்டணம் இல்லை, ஐம்பது நாள் வரை வட்டி இல்லை என்று கைப்பேசியில் அழைப்பு வந்த மறுநாள் கேட்பவர்களே பெரும்பாலோர். ஒற்றைச் சொல்லில் இதற்கு விடை சொல்லிவிட இயலாது.

அந்த ஐம்பது நாள் எப்படி வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். பில் சுழற்சி ஏறத்தாழ முப்பது நாள். பில் வந்தபின் பணம் கட்ட ஏறத்தாழ இருபது நாள். சுழற்சியின் முதல் நாளில் பொருள் வாங்கியவருக்கே முழு ஐம்பது நாளும் கிடைக்கும். கடைசி நாளில் வாங்கியவருக்கு இருபது நாள்தான். ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுத்தாலோ ஒரு நாள் அவகாசமும் கிடையாது. எடுத்த அன்றே வட்டி தொடங்கிவிடும்.

"வங்கி நமக்கு அழகிய கடன் தருகிறது" என்று சிலர் மகிழ்கிறார்கள். அழகிய கடன் கொடுப்பவர், கடனாளி தவறும் நாளை எதிர்பார்த்து ஒப்பந்தம் எழுதுவதில்லை. நாற்பதாயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்கிய ஒருவர், பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று கண்ட 2,000 ரூபாயை மட்டும் கட்டுகிறார் என்று கொள்வோம். மாதம் 3.5 விழுக்காடு என்றால், எஞ்சிய 38,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி மட்டும் 1,330 ரூபாய். அந்த வட்டியின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. வட்டியில்லாக் காலமும் பறிபோகும். வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். பாக்கி முழுவதும் தீரும்வரை புதிதாக வாங்கும் அரிசி பருப்புக்கும் அந்தச் சலுகை இல்லை. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அளித்த தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டது.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 2000ஆம் ஆண்டு ரியாத் அமர்வில் இதை ஆராய்ந்தது. ஒப்பந்தத்தில் வட்டி நிபந்தனை இருந்தால், அவகாசத்துக்குள் கட்டிவிடும் நிய்யத் இருந்தாலும் அந்த அட்டையைப் பெறுவதும் பயன்படுத்துவதும் கூடாது என்று முடிவு செய்தது. வட்டி தருகிறேன் என்று கையொப்பமிடுவதே அங்கு சிக்கல். வட்டி வாங்குபவரை மட்டுமன்றி, கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் ஆகியோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக முஸ்லிம் நூலில் வரும் ஹதீஸை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். வேறு சில உலமாக்கள், டெபிட் கார்டால் நிறைவேறாத உண்மையான தேவை இருந்து, ஒருபோதும் வட்டி ஏறாது என்ற உறுதியும் இருந்தால் அனுமதிக்கிறார்கள்.

நான் முதற்கருத்தின் பக்கமே சாய்கிறேன். இரண்டாம் கருத்தைப் பின்பற்றுவோரைக் குறை சொல்லவில்லை. ஆனால் சலுகையை எடுத்துக்கொண்டு நிபந்தனைகளை விட்டுவிடுவது அந்த உலமாக்களின் கருத்தாகாது. நம் குடும்பங்களுக்கு அன்றாடம் வேண்டிய அனைத்தும் டெபிட் கார்டிலும் யு.பி.ஐ.யிலும் முடிந்துவிடுகின்றன. வெளிநாட்டுப் பயணத்தில் முன்பணம் நிறுத்திவைக்க அட்டை கேட்கப்படும் வணிகரின் நிலை வேறு. பெருநாள் துணிமணிக்காக அட்டை வாங்குவது தேவை என்ற சொல்லுக்குள் அடங்காது.

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' பற்றித் தனியே சொல்ல வேண்டும். பேணுதலுள்ளவர்களும் இதில்தான் ஏமாறுகிறார்கள். வங்கி இங்கே வட்டி போடத்தான் செய்கிறது. அதே அளவு தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார். பில்லை விரித்துப் பாருங்கள்: வட்டி என்று ஒரு வரி இருக்கும், அதற்கு ஜி.எஸ்.டி.யும் இருக்கும். பூச்சிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. கடைக்காரரே நேரடியாகத் தவணை விலை பேசி விற்பது வேறு. அதற்கு ஃபிக்ஹில் இடமுண்டு.

ஏற்கெனவே அட்டை வைத்திருப்போர் இன்றே ஒன்றைச் சரிபாருங்கள். தானியங்கிக் கட்டணத்தில் 'மொத்த நிலுவை' தேர்ந்திருக்கிறதா, 'குறைந்தபட்சத் தொகை' தேர்ந்திருக்கிறதா? பலருக்கு இரண்டாவதே இருக்கிறது. வட்டி ஓடுவது அவர்களுக்கே தெரியாது. கணக்கில் இல்லாத பணத்துக்கு அட்டையைத் தேய்க்காதீர்கள். எவ்வளவு பாக்கி என்பதை மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சொல்லி எழுதி வையுங்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே நீளமானது. கடன் விட்டுச்சென்றவரின் ஜனாஸாவுக்கு நபி (ஸல்) அவர்கள் தாமே தொழுவிக்க முன்வராமல் நின்றதும், அபூகதாதா (ரலி) அதைப் பொறுப்பேற்றபின் தொழுவித்ததும் நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் செய்திதானே. குடும்பத்துக்கே தெரியாத கடனை யார் பொறுப்பேற்பார்?

பாக்கியில் சிக்கியிருப்பவர் முதலில் அட்டையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, உறவினரிடமோ மஹல்லா பைத்துல்மாலிலோ வட்டியில்லாக் கடன் கேட்கட்டும். வெட்கம் வேண்டாம். முழுவதும் கட்டியபின் அட்டையை மூடும்படி எழுத்தில் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி வங்கி ஏழு வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.