பெரஹரா மாதத்தில் வரும் விருந்தாளிக்கு ஒரு கார்

என் மகளுக்கு இது ஏழாவது மாதம். வைத்தியர் குறித்துத் தந்த திகதி பெரஹரா நாட்களில் விழுகிறது. கண்டியில் வாழ்பவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். சாதாரண நாளிலேயே கட்டுகஸ்தோட்டையிலிருந்து பேராதனை போய்ச் சேர்வது ஒரு தவம். 1998 ஜனவரிக் குண்டுவெடிப்புக்குப் பின்னர் தலதா மாளிகைக்கு முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டதிலிருந்து, நகரின் நெரிசல் முழுவதும் வாவிக்கரையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. யானைகள் ஊர்வலம் போகும் இரவுகளில் அந்த வழியும் இல்லை.

ஆகவே வீட்டில் கார் பேச்சு ஆரம்பித்தது. மருமகன் கணித ஆசிரியர். பேரேட்டைப் போல ஒரு கொப்பியில் கோடு போட்டு, வாகனங்களின் பெயர், ஆண்டு, விலை, லீசிங் தவணை என்று நிரப்பி வைத்திருந்தார். அரை நூற்றாண்டு பத்திரிகைத் தொழிலில் இருந்தவர் என்பதால் மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நம்புகிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் விளம்பரப் பகுதியில் எழுதப்பட்டிருப்பதைப் பாதி நம்ப வேண்டும் என்பது மட்டுமே.

இந்த அவசரத்தின் பின்னால் ஓர் அச்சமும் இருக்கிறது. 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டு நாட்களை நாம் மறக்கவில்லை. ஹல்துமுல்லைப் பக்கத்தில் பிறந்து இரண்டு நாளேயான சிசுவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முச்சக்கர வண்டிக்குப் பெட்ரோல் தேடித் தகப்பன் அலைந்ததையும், பிள்ளை பிழைக்காததையும் அப்போது வாசித்தோம். அந்தச் செய்தியை வாசித்த இரவு நான் உறங்கவில்லை. "சொந்தமாக ஒரு வாகனம் இருந்தால் போதும்" என்று என் மகள் சொல்லும்போது அவள் மனதில் ஓடுவதும் அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் சொந்த வாகனம் இருந்தவர்களும் அன்று வரிசையில்தான் நின்றார்கள். கியூஆர் முறை வந்தபோது ஆரம்பத்தில் வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். அதனால் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பது எனக்கு முதற்கேள்வி. கார் எத்தனை பெரியது என்பது அதற்கு வெகு பின்னால் வருகிறது.

விலை வேறு கதை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பாவித்த கார்கள் தங்கம்போல ஏறின. பழைய காரை விற்றவன் வாங்கிய விலைக்கு மேல் விற்றான். உலகத்தில் வேறெங்கும் நடக்காத அதிசயம்! எஞ்சின் கொள்ளளவுக்கேற்ப வரி ஏறுவதால் 660 சிசி ஜப்பானியக் குட்டிக் கார்களே நம்மவர் கையில் அகப்படுபவை. மருமகனின் கொப்பியில் கடைசியாக எஞ்சியவை இரண்டு: சுசுகி வேகன் ஆர், டொயோட்டா அக்குவா. உறவினர்கள் ஏழு பேர் ஏறும் வான் ஒன்றைச் சிபாரிசு செய்தார்கள். மூன்று பேர் குடும்பத்துக்கு ஏழு ஆசனம் எதற்கு என்று கேட்டேன். "கல்யாணம், கருமாதி என்றால் எல்லாரும் போகலாமே" என்றார் சம்பந்தி. வருடத்தில் நான்கு நாளுக்காக மாதம் முப்பது நாளும் தவணை கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் தேவைப்படுவது கைக்காசு.

நான் சொன்ன சோதனை எளியது. நான்கு பெரியவர்கள் ஏறி, ஏசியைப் போட்டு, ஹந்தானை ஏற்றத்தில் நடுவழியில் நிறுத்தி மீண்டும் எடுக்க வேண்டும். மூச்சு வாங்கும் கார் எது என்று அங்கே தெரிந்துவிடும். பிறகு கடுகண்ணாவைச் சரிவில் இறக்கிப் பார்க்க வேண்டும். பிரேக்கை மாத்திரம் நம்பி இறங்குவது அறிவீனம். கியரைத் தாழ்த்தி எஞ்சினாலேயே வேகத்தை அடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அக்குவாவின் ஹைபிரிட் பற்றரி பின்னாசனத்தின் கீழ் இருக்கிறது. பழைய வண்டியில் அதன் நிலையைப் பரிசோதிக்காமல் பணம் கொடுப்பவர், பின்னர் பற்றரிக்கும் ஒரு லீசிங் எடுக்க நேரும்.

இதெல்லாம் சண்டையின்றி முடிந்தது. சண்டை வந்தது சிறுவர் ஆசனத்தில்.

"கைக்குழந்தையைக் கதிரையில கட்டிப் போடுறதா? பிள்ளை தாயின்ர சூட்டில இருக்க வேணும்" என்றார் சம்பந்தியம்மா. என் மனைவியும் அந்தப் பக்கமே சாய்ந்தாள். நியாயம்தான், 1992 இல் இதே மகளை மொரிஸ் மைனர் வாடகைக் காரில், முன்னாசனத்தில், மடியில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சாரதி சுருட்டுப் புகைத்துக்கொண்டே ஓட்டினார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததை ஆதாரமாகக் காட்டுவதில் நாம் வல்லவர்கள்.

மருமகன் கொப்பியைத் திருப்பினார். மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர். அந்த வேகத்தில் போகும் கார் ஒரு செக்கனின் பத்திலொரு பங்கில் மோதி நின்றால், உள்ளிருப்பவர் மீது அவரவர் எடையைப் போல் 14 மடங்கு விசை. நான்கு கிலோக் குழந்தை அந்தக் கணத்தில் 56 கிலோ. "அம்மா, நீங்க 56 கிலோவ ஒரு கையால பிடிப்பீங்களா?" என்று கேட்டார். சம்பந்தியம்மா பதில் சொல்லவில்லை. ஆசிரியர்களுக்கு இந்தத் துணிச்சல் உண்டு, எனக்கு வராது.

கனடாவிலும் பிரித்தானியாவிலும் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிக்கக்கூடும். அங்கே சட்டம் அவர்களுக்காக முடிவெடுத்துவிட்டது. ஜப்பானில் 2000 ஏப்ரலிலிருந்து ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சிறுவர் ஆசனம் கட்டாயம். அந்த நாட்டுச் சாலைக்கென்று செய்த காரையே நாம் வாங்குகிறோம். ஆசனத்தைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பல கார்களின் பின்னாசன இடுக்கில் தொடப்படாமலே கிடக்கின்றன. இங்கே ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்ப்பவர்கள் அந்த இடுக்கில் விரலை விட்டுப் பார்ப்பதில்லை.

கைக்குழந்தையின் ஆசனம் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். காற்றுப் பை உள்ள முன்னாசனத்தில் அதை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் பை அந்த ஆசனத்தின் முதுகிலேயே அறையும். பின்னாசனத்தில் வைத்தாலோ சிறிய காரில் முன்னாசனத்தை முன்னே தள்ள வேண்டிவரும், மருமகனின் முழங்கால் டாஷ்போர்டில் முட்டும். வேகன் ஆரின் பின்னாசனம் முன்பின் நகரும் என்பதால் அதற்கு என் வாக்கு. வாக்கு மட்டுமே, காசு அவர்களுடையது.

ஞாயிற்றுக்கிழமை பேராதனையில் ஒரு வண்டியைப் பார்க்கப் போனோம். காருக்கு முன்னரே ஆசனத்தை வாங்கி, அதையும் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து விற்பவர் சிரித்தார். கொக்கிகள் இருந்தன. பூட்டிப் பார்த்தோம், அசையவில்லை. எடைக்கு மூன்று கிலோ சம்பா அரிசிப் பொதியொன்றை வைத்து மகள் பட்டியை இறுக்கினாள். விலை இன்னும் படியவில்லை. அடுத்த வாரம் மீண்டும் பேசலாம் என்று வந்துவிட்டோம். ஆனால் பரீட்சார்த்தமாக ஹந்தானை வரை போய்த் திரும்பிய அந்த இருபது நிமிடமும், பக்கத்தில் அமர்ந்திருந்த என் மனைவி அரிசிப் பொதியின் தலைமாட்டில் கையை அணைத்தபடியே வந்தாள்.