விதைப்பணம் யாருக்கு? விடுப்பு யாருக்கு?

தோழர்களே! ஆலையில் "பதிலி" என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலை. ஆனால் அவருடைய கூலியும் இல்லை, லீவும் இல்லை. அந்தப் பதிலி முறை கல்லூரிக்குள்ளும் புகுந்துவிட்டது. அங்கே அதற்குப் பெயர் "கௌரவ விரிவுரையாளர்"! கௌரவம் பெயரில் மட்டும்தான்!

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள் என்ன சொல்கின்றன? நிரந்தர ஆசிரியருக்கு மேற்படிப்புக்காக 3 ஆண்டு வரை விடுப்பு உண்டு. 7 ஆண்டு பணியாற்றிய பேராசிரியர் ஆராய்ச்சிக்கென ஓராண்டு விடுப்புப் பெறலாம். ஆராய்ச்சி தொடங்க நிர்வாகம் "விதைப்பணம்" தந்ததா என்று, கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் 'நாக்' குழுவும் கேட்டது. நல்ல ஏற்பாடுகள்தாம், நாம் எதிர்க்கவில்லை.

ஆனால் தமிழக அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு இவை எட்டாக்கனி! புதிதாகச் சேரும் நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். அதே பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளருக்கு 2024-இல் கிடைத்தது 25,000. அதுவும் 11 மாதத்துக்கே! மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழுவே 2019-இல் சொன்ன பிறகும் இந்த நிலை. பன்னிரண்டாம் மாதம் வயிறு லீவு எடுக்குமா?

"படித்தவர் பிரச்னை, நமக்கென்ன?" என்று வாலாஜாபாத் தோழர் கேட்கலாம். அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பது யார்? உத்திரமேரூர் வயலில் நாற்று நடும் தாயின் மகள்! ஒப்பந்தத் தொழிலாளியின் மகன்! வாத்தியாருக்கு அரை வயிறு என்றால் நம் பிள்ளைக்கு அரைப் படிப்பு. விதை நெல் கொடுக்காமல் விளைச்சல் கேட்கும் பண்ணையாருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

காலியிடங்களை நிரந்தரமாக நிரப்பு! 12 மாதச் சம்பளம் கொடு! விடுப்பையும் விதைப்பணத்தையும் எல்லா ஆசிரியருக்கும் கொடு! இது நம் பிள்ளைகளுக்கான கோரிக்கை.