விடை சொல்பவரா, வினா எழுப்புபவரா?

கேட்டவுடன் விடை கிடைக்கும் காலம் இது. இந்தக் காலத்தில் விடை சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்களின் நிலை என்ன? வணிக ஆலோசகர்களைப் பற்றித்தான் கேட்கிறேன்.

1926-ஆம் ஆண்டு, கணக்கியல் பேராசிரியர் ஜேம்ஸ் மெக்கின்சி சிகாகோவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கினார். இத்தகைய நிறுவனங்களின் மூலதனம் ஒன்றே: முதலாளி அறியாததை ஆலோசகர் அறிந்திருந்தார். புள்ளிவிவரம் திரட்டினார், அறிக்கை எழுதினார், கட்டணம் பெற்றார். இன்றோ அந்த அறிக்கையைச் செயற்கை நுண்ணறிவு சில நிமிடங்களில் எழுதித் தருகிறது.

அப்படியானால் ஆலோசகரே வேண்டாமா? அவசரம் கூடாது. பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களைக் கொண்டு ஹார்வர்டு முதலிய பல்கலைக்கழகத்தார் நடத்திய ஓர் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இயந்திரத்திற்கு ஏற்ற பணிகளை, அதன் துணையோடு செய்தவர்கள் 25 விழுக்காடு விரைவாக முடித்தனர். அதன் திறனுக்கு அப்பாற்பட்ட பணியிலோ, அதை நம்பியவர்களே மிகுதியாகத் தவறினர்! 2025-இல் ஆஸ்திரேலிய அரசுக்கு டெலாய்ட் அளித்த அறிக்கையில், இல்லாத ஆய்வுரைகள் சான்றாகக் காட்டப்பட்டிருந்தது வெளிப்பட்டது. கட்டணத்தில் ஒரு பகுதியை அந்நிறுவனம் திருப்பித் தர நேர்ந்தது.

எனவே ஆலோசகர் இனிப் பயிற்றுநராக மாற வேண்டும் என்பதே என் கருத்து. ஆலோசகர், "இதைச் செய்யுங்கள்" என்பார். பயிற்றுநரோ, "ஏன் செய்ய நினைக்கிறீர்கள்? தவறினால் இழப்பு யாருக்கு?" என்று கேட்பார். நட்டத்தில் நடக்கும் கிளையை மூடலாம் என்று இயந்திரம் கணக்குக் காட்டும். அங்கே இருபது ஆண்டுகள் உழைத்தவரின் முகம் பார்த்து அதைச் சொல்ல வேண்டியவர் முதலாளி அல்லவா? அந்த முடிவைத் தம் முடிவாகவே சிந்தித்து எடுக்க அவருக்குத் துணைநிற்பது பயிற்றுநர் கடமை. 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் வள்ளுவர் வேண்டுவதும் இடித்துரைக்கும் துணையைத்தான். கேட்பவர் மனம் குளிர விடை தரும் இயந்திரம் இடித்துரைக்குமா?

ஆயினும் ஒரு கவலை உண்டு. புள்ளிவிவரம் திரட்டித் திரட்டியே இளைஞர்கள் இத்தொழிலைக் கற்றார்கள். அவ்வேலை முழுவதும் இயந்திரத்திடம் போய்விட்டால், நாளைய பயிற்றுநர் எங்கிருந்து வருவார்? நீந்தாதவன் நீச்சல் கற்பிக்க முடியுமா? புதியவர்களை முதலில் தம் கையால் கணக்கிட வைத்து, அதன்பின் இயந்திரத்தின் விடையோடு ஒப்பிடச் செய்வதே நிறுவனங்களுக்கு நல்லது.

வணிகவியல் பயிலும் நமக்கும் இதில் பாடம் உண்டு. விடையை மனப்பாடம் செய்தவனுக்கு இனி வேலை அரிது. நண்பர்களே, இயந்திரம் விடை சொல்லட்டும். வினா எழுப்பும் பழக்கத்தை நாம் வளர்ப்போம்!