நிலநடுக்கோட்டில் பனிக்கட்டி



இந்த இதழின் அட்டையில் இருக்கும் வெள்ளை மலை இமயம் அல்ல. தென் அமெரிக்காவில், எக்வடோர் நாட்டில், நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி தெற்கே நிற்கும் சிம்பொராசோ. உயரம் 6,263 மீட்டர். எவரெஸ்ட்டுக்கு இரண்டரை கிலோமீட்டர் குட்டைதான். ஆனால் பூமி இடுப்பில் கொஞ்சம் பருத்திருக்கிறதே, அதனால் பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்டைவிடச் சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்பது சிம்பொராசோவின் உச்சி. வினாடி வினா நடத்துபவர்களுக்கு இது அல்வா மாதிரி. என் மனம் போனதென்னவோ அந்த மலையின் பனிக்கட்டிமேல்.

ரியோபாம்பா நகரச் சந்தையில் பழச்சாற்றுக்கு அந்த ஐஸைத்தான் போடுவார்கள். அதை வெட்டிக் கொண்டுவந்தவர் பால்தசார் உஷ்கா. கழுதைகளை ஓட்டிக்கொண்டு ஏறுவார். மண் மூடிய பனியைத் தோண்டி, கோடரியால் கட்டி கட்டியாக வெட்டுவார். உருகாமலிருக்க மலைப்புல்லைக் கனமாகச் சுற்றி, கயிறு போட்டுக் கழுதை முதுகில் ஏற்றி இறக்குவார். ஐஸ் தொழிற்சாலைகள் வந்து மற்றவர்கள் விட்டுவிட்ட வேலை. சிறுவயதில் தொடங்கியவர், 2024-இல் காலமானார்.

கனன்றுகொண்டிருக்கும் எரிமலையின் தலையில் அதே பனி இருந்தால்தான் வம்பு. பக்கத்திலுள்ள கோட்டபாக்சி 1877-இல் வெடித்தபோது பனி உருகி, சாம்பலும் பாறையுமாகச் சேற்று வெள்ளம் புரண்டு, லட்டகுங்கா நகரைச் சிதைத்து, ஒரு கிளை பசிபிக் கடல்வரை போயிற்று. அண்டை நாடான கொலம்பியாவில் 1985 நவம்பர் 13 இரவு நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தது. பெரிய வெடிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. உச்சிப் பனியில் ஒரு பகுதிதான் உருகியது. சேறு இரண்டரை மணி நேரம் ஓடி வந்து ஆர்மெரோ ஊரை மூடியது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஊர் ஆபத்தில் இருப்பதைக் காட்டும் வரைபடம் ஒரு மாதம் முன்பே வெளிவந்திருந்தது என்பதுதான் தாங்க முடியாதது. இரண்டரை மணி நேரம் மேட்டில் ஏறப் போதும். ஏறச் சொல்லத்தான் ஆளில்லை. அதை இயற்கைச் சீற்றம் என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

எரிமலை என்றாலே நெருப்பாறு என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. சேற்றைப் பற்றியும் பேசுகிறது இந்த இதழின் சிறப்புக் கட்டுரை. வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு சேர்ந்து படியுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். புவியியல் அறிஞர்களிடம் கேட்டு அடுத்த இதழில் பதில் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்