வெலிங்டனில் படித்த ஏர் மார்ஷல்
நம்ம குன்னூர் பக்கத்து வெலிங்டன் ராணுவ அதிகாரிகள் கல்லூரியில் 1978-ல் பயிற்சி முடித்த முதல் பெண் அதிகாரி யார் தெரியுமா? திருப்பதியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பத்மா பந்தோபாத்யாய். விமானப் படை டாக்டர். 2004-ல் ஏர் மார்ஷல் ஆனார். நம் விமானப் படையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். சபாஷ்!

ஆனா ஒண்ணு. 1968-ல் சேர்ந்தவருக்கு அங்கே வர முப்பத்தாறு வருஷம் ஆச்சு. டாக்டரானதால் அத்தனை வருஷம் இருக்க முடிந்தது. மற்ற பிரிவுகளில் பெண்களை எடுத்ததே 1990-களில்தான். அதுவும் குறுகிய காலப் பணி. பத்துப் பதினாலு வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பினால் எப்படிங்க மேலே வருவது? கோர்ட்டுக்குப் போய் 2010-ல்தான் நிரந்தரப் பணிக்குத் தீர்ப்பு வாங்கினார்கள். போர் விமானம் ஓட்டப் பெண்கள் வந்தது 2016-ல். முப்பத்தாறைக் கூட்டினால் 2052! எட்டாவது படிக்கும் என் மகள் போட்ட கணக்கு இது.

- ஒரு இல்லத்தரசி, குன்னூர்.